முப்பத்திரண்டாம் பக்கம்

எங்கள் வளவில் பதினான்கு தென்னைகள் நிற்கின்றன. 1978ஆம் ஆண்டு மாரி ஓய்ந்த ஒரு காலை, வழக்கம்போல எண்ணினேன். பதினொன்றுதான் இருந்தன. மறுபடியும் எண்ணினேன். பத்து.

"இஞ்சேரும், நாலு தென்னையைக் காணேல்லை" என்று மனைவியைக் கூப்பிட்டேன்.

அன்னம்மா குசினியில் இருந்தபடியே சொன்னாள்: "தென்னை நிண்ட இடத்திலைதான் நிக்குது. உங்கடை கண்ணைத்தான் காணேல்லை."

சபையாரே, என் துன்பம் அப்படித்தான் தொடங்கியது. இரண்டு கண்ணிலும் வெண்படலம். டொக்டர் பார்த்துவிட்டு, இன்னும் முத்தவில்லை, முத்திய பிறகுதான் வெட்டி எடுக்கலாம் என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். முப்பத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த ஒருவனிடம் சொல்லக்கூடிய பதிலா அது?

வேதாகமத்தை முதல் தொடக்கம் கடைசி வரை இருபத்தாறு முறை வாசித்து முடித்தவன் நான். இருபத்தேழாவது முறை பாதியில் நின்றுபோனது. என் அலுமாரியில் நூற்றுப் பதினெட்டுப் புத்தகங்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி உறை. காங்கேசன்துறைச் சீமெந்துப் பையின் உள் தாள் உரமானது, கறையான் இலகுவில் தொடாது. அந்தத் தாளில் உறை போட்டு, முன் பக்கத்தில் கறுப்பு மையால் புத்தகத்தின் பெயரை எழுதிவைப்பது என் வழக்கம். இப்போது அலுமாரியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் மட்டுமே தெரிந்தது. அதன் முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு அழுதிருக்கிறேன். மூன்று முறை.

ஆனால் கண்ணை விடப் பெரிய பாரம் ஒன்று ஏற்கனவே என் நெஞ்சில் இருந்தது. அது என் தம்பி ஞானமுத்து.

எங்கள் தகப்பனார் இறந்தபோது எனக்கு வயது பத்தொன்பது, தம்பிக்கு ஏழு. இடையில் இரண்டு தங்கைகள். சென்னையில் ஒரு கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. நான் போகவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்தேன். தங்கைகளைக் கட்டிக் கொடுத்தேன். பின்னர் அதே சென்னைக்குத் தம்பியை அனுப்பி வேதசாஸ்திரம் படிப்பித்தேன். அவன் திரும்பி வந்து நல்ல பிரசங்கியானான். அவன் பிரசங்கிக்கும்போது நான் கடைசி வாங்குப் பலகையில் இருந்து மணிக்கூட்டைப் பார்ப்பேன். நாற்பது நிமிடத்துக்குக் குறைந்ததில்லை.

1970இல் ஞானமுத்து சென்னைக்கு ஒரு மாநாட்டுக்குப் போய் வந்தான். இந்தியப் புத்தகங்கள் கிடைப்பது அரிதாகிக்கொண்டிருந்த காலம். பெட்டிக்குள் வேட்டிகளுக்கு நடுவே ஒரு புத்தகத்தை வைத்துக் கொண்டுவந்திருந்தான். எழுதியவர் அங்கே நெசவாளர்கள் மத்தியில் ஊழியம் செய்த ஒரு போதகர். சுவிசேஷத்தில் நாம் அதிகம் கவனிக்காமல் கடந்துபோகிற ஆட்களின் பக்கத்தில் நின்று நம் விசுவாசத்தைப் புதிதாகப் பார்க்கிற நூல். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

அதை என் கையில் தந்து, "அண்ணை, கடைசி வரைக்கும் வாசியுங்கோ" என்றான்.

அவன் அதிலிருந்து சில பகுதிகளை வாலிபர்களின் வாசிப்பு வட்டத்தில் ஏற்கனவே படித்துக் காட்டியிருந்தான். அதைக் கேட்டுச் சபையில் சிலர் முணுமுணுத்தார்கள். நான் சபைக் குழுவின் செயலாளர். பென்சிலைச் சீவிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். வாசித்தேன் என்பதை விட எண்ணினேன் என்பதே சரி. குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று, உபதேசத்துக்கு மாறான நாற்பத்தேழு பிழைகள் என்று ஒரு பட்டியலைப் பக்க எண்ணோடு வாசித்தேன். வாசிப்பு வட்டம் நிறுத்தப்பட்டது. புத்தகம் செயலாளர் வசம் இருக்க வேண்டும், எவருக்கும் கொடுக்கக் கூடாது என்று தீர்மானமானது.

தம்பி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அடுத்த ஞாயிறு முதல் நல்லூரில் தன் வீட்டுக்குக் கிட்டவுள்ள வேறொரு சபைக்குப் போகத் தொடங்கினான். எங்கள் வீட்டுப் படலையை அவன் அதன்பின் திறக்கவில்லை. நானும் அவன் வீட்டுக்குப் போகவில்லை.

ஆனால் ஜெபித்தேன். ஒவ்வொரு காலையும், "ஆண்டவரே, என் தம்பியின் கண்களைத் திறந்தருளும்" என்று ஜெபித்தேன். எட்டு வருடமும் பதினொரு மாதமும். மூவாயிரத்து இருநூற்றைம்பது ஜெபங்களுக்குக் குறையாது. பதில் வரவில்லை. தம்பியின் கண் திறக்கவில்லை, என் கண் மூடிக்கொண்டது. கர்த்தர் முகவரியை மாற்றி அனுப்பிவிட்டாரோ என்று கூட ஒருநாள் நினைத்தேன். அந்த நினைவுக்காக உடனே மன்னிப்பும் கேட்டேன்.

இந்த நிலையில்தான் எனக்கு ஒரு வாசகர் கிடைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். எனக்கு வெற்றுப் பைகள் தருகிறவரும் அவரே. அவருடைய மாமனார் வல்வெட்டித்துறையில் இருந்து மகளோடு தங்க வந்திருந்தார். பாய்க்கப்பல் ஓட்டிய தலைவரை அந்த ஊரில் தண்டையல் என்பார்கள். இவர் ஆறுமுகத் தண்டையல். சைவர். நெற்றி நிறையத் திருநீறு. கண் கழுகுக் கண். குரலோ, பாய்மரத்தின் உச்சியில் நிற்கிறவனுக்குக் கேட்கப் பழகிய குரல்.

"மாஸ்டர், எனக்கும் கரையிலை இருந்து அலுத்துப்போச்சு. புத்தகத்தைத் தாங்கோ, நான் வாசிக்கிறன்" என்று அவராகவே வந்தார்.

பின்னேரம் மூன்று மணி முதல் நாலரை வரை எங்கள் விறாந்தையில் வாசிப்பு. பால் விடாத இரண்டு பிளேன்ரீ. வீதியால் போகிறவர்கள் படலையில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரே ஒரு விடயத்தில் எங்களுக்குத் தினமும் சண்டை. தண்டையல் எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்தில் தொடங்கமாட்டார். கப்பலில் பாய் விரிக்க முன்னர், அவர்களுடைய பாட்டுப் புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து, வந்த பக்கத்தைப் பாடிவிட்டுத்தான் புறப்படுவார்களாம். அந்தப் பழக்கம் விடவில்லை. கண்ணை மூடுவார், திறப்பார், விழுந்த பக்கத்தில் தொடங்குவார்.

"தண்டையல், உது முறையில்லை. ஒண்டிலிருந்துதான் எண்ணவேணும்."

"நீங்கள் எண்ணுங்கோ மாஸ்டர். நான் வாசிக்கிறன்."

1979 புரட்டாதியில் ஒரு திங்கட்கிழமை. அன்னம்மா காலையில் சந்தைக்குப் போய் வந்து பையை வைக்க முன்னரே சொன்னாள்:

"கேட்டியளே? உங்கடை தம்பி வியாழக்கிழமை காலைக் கோச்சி ஏறிக் கொழும்புக்குப் போறாராம். அங்கையிருந்து லண்டனுக்கு. மகனோடை இருக்கப் போறார். திரும்பி வாற யோசனை இல்லையாம்."

நான் கதிரையை அலுமாரிப் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன்.

"போய் ஒருக்கா முகத்தைப் பாத்திட்டு வருவம்."

"பாக்கிறதுக்குக் கண் எங்கை?" என்றேன்.

"அவருக்குக் கண் இருக்கு. அவர் உங்களைப் பாக்கட்டும்."

"வேணுமெண்டால் அவன் வரட்டும். தம்பிதானே வரவேணும்."

அன்னம்மா பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வயது அறுபத்தெட்டு, தம்பிக்கு ஐம்பத்தாறு. வியாழனுக்கு இன்னும் மூன்று நாள். கண் இல்லாமல், தம்பி இல்லாமல், எத்தனை வருடம் என்று கணக்குப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கணக்கை முடிக்காமல் விட்டேன். அந்தக் காலை "அவன் கண்களைத் திறந்தருளும்" என்று ஜெபிக்க வாய் வரவில்லை. "ஆண்டவரே, நான் என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டேன்.

பின்னேரம் மூன்று மணிக்குத் தண்டையல் வந்தார். முந்திய இரண்டு வாரமும் ஒரு பழைய பிரசங்கத் தொகுதியை வாசித்து, அதில் பல தடவை தானே நித்திரையாகியிருந்தார்.

"மாஸ்டர், அந்தப் புத்தகம் முடிஞ்சுது. அதின்ரை இரண்டாம் பகுதி இஞ்சை கிடக்கு. இதுவும் நித்திரை மருந்தோ?"

இரண்டாம் பகுதி ஒன்று என்னிடம் இருப்பது எனக்கு நினைவில் இல்லை. எதையாவது வாசியும் என்றேன். அவர் கண்ணை மூடினார் போலும், புத்தகம் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு தொடங்கினார்.

இரண்டு மீனவச் சகோதரர்கள் ஆண்டவர் அழைத்ததும் படகையும் தகப்பனையும் விட்டுப் பின்னால் போன கதை. நமக்கெல்லாம் தெரிந்தது. ஆனால் இந்தப் பிரசங்கி பிள்ளைகளோடு போகவில்லை. தகப்பனோடு படகில் நின்றுவிட்டார். கிழிந்த வலை பாதி பொத்தினபடி கிடக்கிறது. மறு நுனியைப் பிடிக்க ஆளில்லை. கிழவன் பிள்ளைகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனை ஆண்டவர் அழைக்கவில்லை என்று யார் சொன்னது? பின்னொரு நாள் ஆண்டவர் ஏறி இருந்து பேசுவதற்குக் கரையில் ஒரு படகு வேண்டியிருந்ததே, படகுகளைக் காத்தவர்கள் யார்? வா என்று சிலரை அழைத்தவர், நில் என்று சிலரை அழைத்திருக்கலாம் அல்லவா?

தண்டையல் வாசிப்பதை நிறுத்தினார். "மாஸ்டர், இது ஆரோ கடலிலை போனவன் எழுதினது."

"போதகர் எழுதினது."

"அப்ப அந்தப் போதகர் வலை பொத்தியிருக்கிறார். எங்கடை ஊரிலை இரண்டு பெடியளும் ஒரே நாளிலை கப்பலுக்குப் போயிட்டால் தேப்பன் என்ன செய்வான் தெரியுமே? அழமாட்டான். அடுத்த நாள் விடிய, தனியத் தண்டு வலிச்சுக்கொண்டு போவான். ஆரும் அவனைப் பற்றிப் பாட்டுக் கட்டிறேல்லை."

ஐம்பது வருடமாக நான் எவரிடமும் சொல்லாத ஒன்றை யாரோ ஒருவர் அச்சில் போட்டிருந்தார்.

"எப்பிடி எழுதியிருக்கிறார் பாத்தீரே! பிரசங்கமெண்டால் இது பிரசங்கம்" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். "எங்கடை ஞானமுத்து இப்பிடியானவையளை வாசிச்சிருந்தால் வழி தவறிப் போயிருக்கமாட்டான்" என்றும் சொன்னேன்.

"பொறுங்கோ. இந்தப் பக்கத்தின்ரை ஓரத்திலை பென்சிலாலை ஏதோ கிடக்கு. வாசிக்கட்டோ?"

"வாசியும்."

தண்டையல் அந்தப் பெரிய குரலில், வீதிக்கே கேட்க வாசித்தார்: "இந்தத் தகப்பனை எனக்குத் தெரியும். எங்கடை அண்ணை. இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்ட வேணும்."

பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எழுத்து எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு?"

"இடப் பக்கம். சோளகக் காற்றிலை பாய் சரிஞ்ச மாதிரி."

என் தம்பி இடது கைக்காரன்.

"உறையைக் கழட்டும் தண்டையல். உள்ளுக்கு அட்டை என்ன நிறம்?"

"நீலம்."

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வருகிற வாலிபர்கள் அந்தப் புத்தகத்தை எடுத்துவிடக் கூடாது என்று, கூட்டம் முடிந்த வாரமே அதற்குச் சீமெந்துத் தாளில் உறை போட்டு, 'பிரசங்கங்கள், இரண்டாம் பகுதி' என்று பொய்ப் பெயர் எழுதியவன் நான். யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்தேன். கடைசியில் எனக்கே தெரியாமல் ஒளிந்துவிட்டது.

"எத்தினையாம் பக்கம்?"

"நூற்றி நாற்பத்திமூண்டு. நடுவிலை ஒரு கோச்சி டிக்கட்டும் கிடக்கு. அதுதான் இந்த இடத்திலை திறபட்டுது."

தம்பி எனக்காக அந்த ரயில் டிக்கட்டை அடையாளம் வைத்துத் தந்த பக்கம். நான் அங்கே வந்து சேரவே இல்லை. சபையாரே, இதுவரை எவரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் நான் வாசித்தது முப்பத்தொன்று. நாற்பத்தேழு பிழை போதும் என்று அங்கேயே நிறுத்தி, புத்தகம் முழுவதையும் படித்தவன்போலக் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

உள்ளே இருந்து அன்னம்மா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "நாளைக்குக் காலமை பஸ்ஸுக்குப் போவம்" என்றாள். அது கேள்வி இல்லை.

செவ்வாய்க்கிழமை மூவருமாகப் புறப்பட்டோம். தண்டையல் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் என்னை ஏற்றியபோது, "மாஸ்டர், அணியத்திலை இருக்கிறியளோ, கடையாலிலையோ?" என்று கேட்டார். முன்னாலா பின்னாலா என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்தது. பல மாதத்துக்குப் பிறகு.

தம்பியின் வீட்டுப் படலையில் இருந்து வாசற்படி வரை இருபத்தாறு அடி. முன்பு இருபத்திரண்டு. என் அடி குறுகிவிட்டது. உள்ளே பெட்டி கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"ஆர், அண்ணையோ?"

நான் மனப்பாடம் செய்துகொண்டு போன வசனங்கள் ஒன்பது. ஒன்றும் வரவில்லை.

"தம்பி, நான் முப்பத்தொரு பக்கந்தான் வாசிச்சனான்" என்றேன்.

"தெரியும் அண்ணை."

"என்ன தெரியும்?"

"உங்கடை பட்டியலிலை நாற்பத்தேழு பிழை. கடைசிப் பிழை முப்பத்தோராம் பக்கத்திலை. அங்காலை நூற்றெண்பத்தொரு பக்கம் கிடக்கு. அதிலை ஒரு பிழையும் இல்லையெண்டால், ஒண்டில் எழுதினவர் திருந்தியிருக்கவேணும், ஒண்டில் அண்ணை வாசிக்கேல்லை."

"அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? அத்தினை பேருக்கு முன்னாலை உங்களுக்கு வெட்கமாப் போயிடுமே."

சபையாரே, ஒன்பது வருடம் நான் அவனுக்காக ஜெபித்ததாகப் பெருமைப்பட்டவன். அவனோ ஒன்பது வருடம் என் மானத்தைத் தன் வாய்க்குள் பூட்டிவைத்திருந்தான். நான் அவன் தோளைத் தேடினேன். கண் தெரியாததால் முதலில் தண்டையலின் தோளைப் பிடித்துவிட்டேன். "நான் இல்லை மாஸ்டர், பக்கத்திலை" என்று என்னைத் திருப்பிவிட்டார்.

பிறகு நாங்கள் அழுதோம். எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை.

தேநீர் குடிக்கும்போது நான் தம்பியிடம் சொன்னேன்: "உனக்காக மூவாயிரத்து இருநூற்றைம்பது தரம் ஜெபிச்சிருக்கிறன். உன்ரை கண்ணைத் திறக்கச் சொல்லி."

"அப்பிடியோ? நான் உங்களுக்காகக் கேட்டது ஒண்டுதான் அண்ணை. முப்பத்திரண்டாம் பக்கத்தை ஒருக்காத் திருப்பப் பண்ணும் எண்டு."

"ஒரு கிழமை முந்தி என்னட்டைக் கேட்டிருந்தால் இந்தப் பெட்டியெல்லாம் கட்டியிருக்கத் தேவையில்லை" என்றார் தண்டையல். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

தம்பி வியாழக்கிழமை போகத்தான் செய்தான். மகன் டிக்கட் எடுத்துவிட்டான். ஆனால் புதன் முழுவதும் எங்கள் வீட்டில் இருந்தான். தொடக்கத்தில் இருந்து எனக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்று புத்தகத்தை எடுத்தான். நான் வேண்டாம் என்றேன். "அதை நான் என்ரை கண்ணாலை வாசிக்கவேணும். அதுக்காக இப்ப நாங்கள் ஜெபிப்பம்." இருவரும் முழங்காலில் நின்றோம். அன்னம்மாவும் நின்றாள். தண்டையல் விறாந்தையில் தன் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது அன்றைக்குத் தொந்தரவாகப் படவில்லை.

1980 மாசியில் வலக்கண் முத்திவிட்டது என்று டொக்டர் சொன்னார். சத்திரசிகிச்சை நடந்தது. தலை அசையாமல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் படுத்திருந்தேன். சுவரில் பல்லி கத்துவதை எண்ணினேன். பயம் இருந்தது, ஆனால் தனிமை இருக்கவில்லை. லண்டனில் இருந்து தம்பியின் கடிதம் ஒவ்வொரு கிழமையும் வந்தது. அன்னம்மா வாசித்துக் காட்டினாள். கண்ணாடி வர இன்னும் சில கிழமை சென்றது. சோடாப் போத்தல் அடி போன்ற கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு முதலில் முற்றத்துக்கு வந்தேன். பதினான்கு தென்னைகள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அதற்குப் பிறகு கதிரையில் இருந்து, நீல அட்டைப் புத்தகத்தை மடியில் வைத்து, முப்பத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். முதல் வரியிலேயே, நான் முப்பத்தோராம் பக்கத்தில் பிழை என்று குறித்திருந்த கேள்விக்கு ஆசிரியர் பதில் சொல்லியிருந்தார்.

அந்த வருடக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று, நாற்பத்தேழு பிழைப் பட்டியலைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். வாசிப்பு வட்டம் மறுபடி தொடங்கியது. சனிக்கிழமை பின்னேரங்களில் ஒன்பது பேர் வருகிறோம். தண்டையல் வந்தால் பத்து. மேசையில் வேதாகமம் எப்போதும் திறந்திருக்கும். வாசிக்கிற ஒவ்வொன்றையும் அதோடு வைத்துப் பார்க்கிறோம். புதிதாகச் சொல்லப்படுவதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் புத்தகத்திலும் பன்னிரண்டு இடங்களில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. தம்பிக்கு எழுதினேன். ஆறுதான் என்று பதில் எழுதியிருக்கிறான். ஒன்றரை வருடமாக இந்த வழக்கு நடக்கிறது. கர்த்தர் எங்கள் இருவருக்கும் ஆயுளைத் தந்தால் மூன்றுக்கு இறங்கிவருவோம்.

சிலர் என்னிடம் சொல்கிறார்கள், உள்ளே டிக்கட் இருந்ததால் புத்தகம் அந்தப் பக்கத்தில் திறந்தது, இதில் அற்புதம் என்ன இருக்கிறது என்று. நான் வாதாடவில்லை. டிக்கட்டை வைக்க ஒரு தம்பியையும், அதைக் கண்டுபிடிக்க ஒரு தண்டையலையும், வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருக்க ஒரு குருட்டுக் கணக்கு வாத்தியாரையும் ஒரே விறாந்தைக்குக் கொண்டுவந்தவர் யார் என்று மட்டும் கேட்கிறேன். தம்பியின் கண்ணுக்காக நான் செய்த ஜெபம் ஒன்றும் வீணாகவில்லை. அது போகவேண்டிய கண்ணுக்குத்தான் போயிருக்கிறது.

ஜெபித்து ஜெபித்துக் களைத்திருக்கிறவர்களே, மனம் விட வேண்டாம். என்னைப்போல எண்ணிக்கொண்டும் இருக்க வேண்டாம். யாரோடு நீங்கள் பேசாமல் இருக்கிறீர்களோ, அவர் உங்களுக்குத் தந்து நீங்கள் பாதியில் மூடிய ஒன்று வீட்டில் எங்காவது கிடக்கும். அதை எடுத்துப் பாருங்கள். ஆண்டவர் அங்கே காத்திருப்பார்.

என் அலுமாரியில் இப்போது எந்தப் புத்தகத்துக்கும் உறை இல்லை. எது எது என்று எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை வாருங்கள், எடுத்துக்கொண்டு போங்கள். நீலப் புத்தகம் மட்டும் இப்போது வீட்டில் இல்லை. தண்டையல் வல்வெட்டித்துறைக்குக் கொண்டுபோய்விட்டார். கடற்கரையில் கிழவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறாராம். எந்தப் பக்கத்தில் தொடங்கினீர் என்று ஆள் விட்டுக் கேட்டேன்.

"மாஸ்டரிட்டைச் சொல்லுங்கோ, இந்த முறை ஒண்டிலிருந்து" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.